மங்களம் செவ்வாய்க்கிழமை வருகிறாள்

போன வாரம் குற்றாலத்தில் ஒரு பொய் சொன்னேன். ஒரே ஒரு பொய்தான். ஆனால் அதற்கு ஒன்பது நாள் தீனி போட்டு வளர்க்க வேண்டியிருந்தது.

தென்காசி ஸ்டேஷனில் இறங்கி, ஜட்கா பிடித்து, சாரலில் நனைந்துகொண்டே ஐந்தருவி ரோட்டில் நாங்கள் வருஷா வருஷம் எடுக்கும் சீசன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்காரம்மா கோமதி வாசலுக்கே ஓடி வந்தாள். என்னை ஒரு பார்வை. எனக்குப் பின்னால் வண்டிக்குள் ஒரு பார்வை.

"வாங்க அண்ணாச்சி, வாங்க! மதினி எங்கன? பின் வண்டில வருதாவளா?"

"வியாழக்கிழமை வருவாள்" என்றேன். "அவள் தங்கை பெண்ணுக்குத் திருச்சியில் பிரசவம். நடுவழியில் இறங்கிவிட்டாள்."

எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா! எழுதிப் பிழைக்கிறவனுக்குப் பொய் சொல்லக் கற்றுத்தரவா வேண்டும்?

கோமதி மதினி என்று கேட்டது என் மனைவி மங்களத்தை. ஆமாம், அதே மங்களம்தான். எட்டு வருஷமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என்னைப் படாதபாடு படுத்தி வருகிறவள். அவள் வைகாசியில் போய்விட்டாள். மூன்று நாள் ஜுரம்... அவ்வளவுதான்.

'அதெப்படி? போன வாரம்கூட உம்முடைய மூக்குக்கண்ணாடியை அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டு, நீர்தான் தொலைத்தீர் என்று சண்டை போட்டாளே?' என்கிறீர்கள். அது பழைய கதை. அதற்கு முந்தைய வாரத்துச் சண்டை முழுக்க என் கற்பனை. அவள் போன பிறகு ஐந்து வாரம் அவளை வைத்து உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். வேறென்ன செய்ய? எனக்கு எழுதத் தெரிந்தது அவளை மட்டும்தானே.

சரி, பெண்டாட்டி போய் இரண்டு மாதம் ஆகவில்லை, இந்த மனுஷனுக்குக் குற்றாலம் ஒரு கேடா? நியாயமான கேள்வி. வருஷம் திரும்பாத துக்க வீட்டுக்காரன், எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு அலைகிற கூட்டத்தில் என்ன செய்கிறான்?

ஒரு போஸ்ட்கார்டுதான் காரணம். சீசனுக்கு வீடு வேண்டுமென்று மங்களம் சித்திரையிலேயே எழுதிப் போட்டிருக்கிறாள். பதில் வந்தபோது அவள் இல்லை. 'மதினிக்கு அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கிறது என்று சொன்னதால் அடுக்களையில் சன்னல் வெட்டியிருக்கிறோம். கட்டாயம் வரவும்.' அவளுக்காக ஒரு சுவரையே உடைத்திருக்கிறார்கள். எப்படிப் போகாமல் இருப்பது?

போனேன். வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் அத்தனை பிரியமாக 'மதினி எங்கன' என்று கேட்கிறாள். 'இல்லை' என்று சொல்ல வாய் வரவில்லை. உலகத்தில் ஒரு வீட்டிலாவது அவள் இன்னும் வந்துகொண்டிருக்கட்டுமே என்று தோன்றியது.

சீசன் வீடு என்றால் பலருக்குத் தெரிந்திருக்கும். முன்வீடு முழுவதையும் நமக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர்கள் பின்பக்கம் ஓலைச் சாய்ப்புக்குக் குடிபோய்விடுவார்கள். முன்னால் நான் ஒற்றை ஆள், மூன்று அறை. பின்னால் கோமதி, அவள் புருஷன் சுப்பையா பிள்ளை, கல்யாணத்துக்கு நிற்கும் மகள் வள்ளி, மூன்று பேரும் ஒழுகுகிற சாய்ப்பில். நான் கோமதியிடம் தினமும் பேசினேன். என்ன பேச்சு? எல்லாம் மங்களம் பேச்சுதான். கோமதி அவளுக்கென்று மங்குஸ்தான் பழம் வாங்கி அந்தப் புது சன்னலில் வரிசையாக வைத்தாள். வாடினால் எடுத்துவிட்டுப் புதிது வைத்தாள்.

அத்தோடு போயிருந்தால் நான் சொல்லாமலே ரயில் ஏறியிருப்பேன். நான் அவ்வளவு பெரிய கோழை.

வியாழக்கிழமை காலையில் கோமதி வந்து நின்றாள். "அண்ணாச்சி, மதினி இன்னைக்கு வந்திருவாவள்லா? நாளைக்குச் சுந்தரபாண்டியபுரத்துலருந்து மாப்பிள்ள வீட்டுல வள்ளிக்குப் பூ வச்சு நிச்சயம் பண்ண வருதாவ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருஷம் மங்களம் வள்ளியின் முகவாயைப் பிடித்துக்கொண்டு, 'இவளுக்கு நான்தான் முதல் பூ வைப்பேன். நான் வராமல் வைத்தீர்களோ, தெரியும் சேதி' என்று மிரட்டிவிட்டு வந்திருந்தாள். அது எனக்கு மறந்தே போய்விட்டது. கோமதி மறக்கவில்லை.

"பிரசவம் இன்னும் ஆகவில்லையாம். செவ்வாய்க்கிழமை வருகிறாள்" என்றேன்.

கோமதி ஆள் அனுப்பி நிச்சயத்தைப் புதன்கிழமைக்குத் தள்ளினாள். புதன்தான் ஆனி கடைசி. அப்புறம் ஆடி, நல்ல காரியம் கிடையாது. திங்கட்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து கறாராகச் சொல்லி அனுப்பினார்கள்: புதன் தவறினால் வேறு இடம் தயாராக இருக்கிறது.

சுப்பையா பிள்ளை கையைப் பிசைந்தார். கோமதி அசையவில்லை. "மதினி வரட்டும். குடுத்த வாக்கு வாக்குதான். போனாப் போட்டும், வேற மாப்பிள்ளையா இல்ல?"

வள்ளியின் முகத்தைப் பார்த்தேன். வேறு மாப்பிள்ளை அவளுக்கு இல்லை என்பது தெரிந்தது.

செவ்வாய் காலை. "வண்டி கட்டியாச்சு அண்ணாச்சி, டேசனுக்குப் போயி மதினியக் கூட்டிட்டு வந்திருதேன்" என்று சுப்பையா பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வண்டியை அவிழ்த்துவிடுங்கள்" என்றேன். "மங்களம் வரமாட்டாள்."

அடுக்களையிலிருந்து கோமதி எட்டிப் பார்த்தாள். "ஏன், பிள்ள இன்னும் பொறக்கலையாக்கும்?"

"பிள்ளையும் இல்லை, பிரசவமும் இல்லை. மங்களம் வைகாசியிலேயே போய்விட்டாள், கோமதி."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சன்னலில் இருந்த பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒம்போது நாளா நான் அவுகளுக்குப் பழம் வாங்கி வைக்கேன். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீய? சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனேனே அண்ணாச்சி... எங்க மதினிக்கு என்னைய அழக்கூட விடலையே நீங்க!"

துக்கம் எனக்கு மட்டும் சொந்தம் என்று பூட்டி வைத்திருந்தேன். அவளுடைய பங்கையும் சேர்த்தல்லவா பூட்டியிருக்கிறேன்!

கோமதி கொண்டையை அவிழ்த்தாள். "ஏட்டி வள்ளி, மாத்துச் சேல ரெண்டு எடு. ஒங்க அத்த போயிட்டாவ. குளிக்கணும்."

உறவில் சாவுச் செய்தி காதில் விழுந்தால் தலைக்குக் குளிப்பது நம் வழக்கம். சுப்பையா பிள்ளை தயங்கினார். "நாளைக்குப் பூ வைக்கத வச்சுக்கிட்டுத் தீட்ட இழுத்துவிடுதியே. நமக்கு என்ன மொறன்னு குளிக்கது?"

"மொற என்ன மொற? கேட்டாச்சுல்லா? குளிச்சா தீந்துச்சு. குளிக்காம இருந்தாத்தான் தப்பு."

ஐந்தருவியில் அன்றைக்கு நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பும் கூச்சலும். தலைவிரி கோலமாக, எண்ணெய்கூட வைக்காமல் தாயும் மகளும் போவதைப் பார்த்து ஒருத்தி ஏதோ கேட்டாள். கோமதி என்ன சொன்னாளோ தெரியாது. சிரிப்பு நின்றது. பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். நான் மாற்றுச் சேலைகளைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். அழுதேன். வைகாசியிலிருந்து அன்றைக்குத்தான்.

புதன்கிழமை நாங்கள் வீடு மாற்றிக்கொண்டோம். நிச்சயம் முன்வீட்டில். துக்கக்காரனான நான் பின்னால் சாய்ப்பில், மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படாமல். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சாய்ப்புக்குள் காலை வைத்தேன். பாய் விரிக்க ஒழுகாத இடமே இல்லை. இதில் எப்படித்தான் மூன்று பேர் படுத்தார்களோ!

மத்தியானம் கோமதி இலையும் சாப்பாடுமாக வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"வச்சாச்சு அண்ணாச்சி. மதினி பேரச் சொல்லித்தான் மொதப் பூவ வச்சேன். சாப்பிடுங்க."

ஊருக்குத் திரும்பி நேற்று மேஜையில் உட்கார்ந்தேன். உங்கள் கடிதங்கள் குவிந்து கிடக்கின்றன. பாதிக் கடிதம் எனக்கு அல்ல, அவளுக்கு. 'மாமி, அந்த மனுஷனை விடாதீர்கள்' என்று ஒருவர். 'அக்கா, உங்கள் வற்றல் குழம்பு பக்குவத்தை எழுதச் சொல்லுங்கள்' என்று ஒருத்தி. மாமி என்கிறீர்கள், அக்கா என்கிறீர்கள்... ஒருவரும் அவளைப் பார்த்தது கிடையாது.

ஆனால் இப்போது கேட்டாகிவிட்டது. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய், ஒரு சொம்புத் தண்ணீர் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள்.