நான் நீக்கிய ஒரு வரி

கணினியில் எதைச் செருகினாலும் அதை அடையாளம் கண்டு வேலை வாங்குவது கெர்னல் என்ற அடிப்படை மென்பொருள். லினக்ஸ் கெர்னலில் ஒரு பழைய வயர்லெஸ் மோடத்துக்கான வரியை, "இதை இனி யாரும் பயன்படுத்துவதில்லை" என்று சொல்லி நீக்க வைத்தவன் நான். யாரையும் விசாரிக்கவில்லை. மேதைக்கு விசாரணை எதற்கு?

சில மாதம் கழித்து, பீன்யா தொழிற்பேட்டையில் மச்சானின் குளிர்பதனக் கிடங்குக்குப் போய், வெப்பநிலையை அவன் போனுக்கு அனுப்பும் பெட்டிக்குப் புதிய கெர்னல் போட்டேன். பெட்டி ஊமையாகிவிட்டது.

"சக்கத்தா, ஜம்முனு ஓடிட்டிருந்ததை நோண்டிட்டீங்களே மாமா! நாளைக்கு சர்ச்ல என் பாப்பாவுக்கு முதல் நற்கருணை. நான் இங்க தெர்மாமீட்டரோட காவல் இருக்கவா?"

காரணம் புரியாமல், கெர்னல் எழுதுபவர்களின் மின்னஞ்சல் குழுவில் கெஞ்சினேன். மாலைக்குள் முகம் தெரியாத ஒருவர் திருத்தம் அனுப்பினார். யாராவது கேட்கக்கூடும் என்று பெட்டிக்குள் இருந்த அதே வகை மோடத்தை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தாராம். திருத்தத்தைப் போட்டதும் மச்சானின் போன் சிணுங்கியது.

பிறகுதான் திருத்தத்தின் அடிக்குறிப்பைப் படித்தேன். கோளாறு நுழைந்த இடம் என்று அந்த வரியை நீக்கிய என் பழைய வேலையைக் காட்டியிருந்தார். அதன் கீழே, கோளாறைக் கண்டுசொன்னவர் என்று மரியாதையாக என் பெயர். ஒரு திட்டுகூட இல்லை.

மறுநாள் கோயிலில் பாப்பாவுக்காக முழங்காலிட்டேன். எங்கோ இருக்கும் அந்த அலமாரிக்காகவும்தான்.