சங்கு ஊதியபோது தண்ணீரில் இரண்டு பேர்

ஃபொலோலே உட்காரும் மேட்டுப் பாறையில் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகள் இருக்கும். ஒருவர் அருவிக்குளத்தில் இறங்கினால் இடது சிரட்டையிலிருந்து ஒரு கூழாங்கல் வலது சிரட்டைக்குப் போகும். கரையேறினால் திரும்பி வரும். வலது சிரட்டை காலியாகும்வரை அவள் எழுந்திருக்க மாட்டாள், சாப்பிட மாட்டாள், பேசுகிறவர் முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டாள். கழுத்தில் விசில், காலடியில் கரையோர மரத்தில் கட்டிய நீளக் கயிறு. சமோவாவின் உபோலு தீவில், வைமாலூ ஊருக்குப் பின்னால் மலை இரண்டாகப் பிளக்கும் இடத்தில் விழுகிறது அந்த அருவி. விடுமுறை நாளில் இருநூறு பேர்கூட வருவார்கள். அவள் காவல் இருக்கும் ஒன்பது வருடத்தில் ஒரு உயிர் போனதில்லை.

அவள் பிறந்தது எதிர்த் தீவில், கடலோரத்தில். மீன்பிடிக் குடும்பம். செமிசியைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபோது, மாதர் சங்கத்துக்காரர்கள் அவளிடம் கேட்ட முதல் கேள்வி நீந்தத் தெரியுமா என்பதுதான். தெரியும் என்றாள். மறுவாரமே பாறையில் உட்காரவைத்துவிட்டார்கள். வேலை கிடைத்ததே தவிர மரியாதை பெரிதாகக் கூடிவிடவில்லை. அவள் வாழ வந்தவள். அந்த ஊரில் வாழ வந்தவளுக்குக் கடைசி இடம், புருஷனின் அக்காவுக்கு முதல் இடம். அக்கா சொன்னால் செமிசியே மறுபேச்சுப் பேச மாட்டான்.

அந்த அக்கா மகெரிட்டா, பதினொரு வருடம் கழித்து ஆக்லாந்திலிருந்து வந்திருந்தாள். கூடவே பத்தொன்பது வயது மகள் லூப்பே. சனிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு, வெளியூர்க்காரர்கள் அத்தனை பேரையும் மேலே அனுப்பி, வலது சிரட்டையைக் காலி செய்து ஃபொலோலே கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, இருவரும் துண்டும் சோப்புமாக வந்து நின்றார்கள்.

சங்கு ஊதும்போது தண்ணீரில் ஆள் இருக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அந்தி சாயும் நேரத்தில் சங்கு ஊதும். ஊதியதும் அவரவர் இருந்த இடத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்ய வேண்டும். நடக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. சாலையில் வரும் காரைக்கூட இளவட்டங்கள் நிறுத்திவிடுவார்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி சங்கு ஊதினால்தான் ஊர் அசையும்.

"நேரமாச்சு மதினி, நாளைக்கு வாங்களேன்" என்றாள் ஃபொலோலே.

"ஏய், தம்பி பொண்டாட்டி, இந்தத் தண்ணியிலதான் எனக்கு நீச்சலே வந்துச்சு" என்றபடி மகெரிட்டா இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். "உன்கிட்டச் சீட்டு வாங்கிட்டுத்தான் குளிக்கணுமோ?"

லூப்பே சிரித்தாள். ஃபொலோலேவும் சிரித்துவைத்தாள். இரண்டு கற்களை எடுத்து வலது சிரட்டையில் போட்டாள்.

வானம் தெளிவாக இருந்தது. மலை உச்சியில் மட்டும் கொஞ்சம் கருப்பு. மகெரிட்டா குளத்தின் வாயருகே, தண்ணீர் வழிந்து கீழ்ப்பள்ளத்துக்கு இறங்கும் இடத்தில் இருந்த தட்டைப் பாறையில் நின்று சோப்புப் போட்டாள். லூப்பே நடுக்குளத்தில் மல்லாந்து மிதந்தாள். காது இரண்டும் தண்ணீருக்குள்.

சங்கு ஊதியது.

மகெரிட்டா அந்தத் தட்டைப் பாறையிலேயே சம்மணமிட்டுத் தலை குனிந்தாள். லூப்பேக்குக் கேட்கவில்லை, மிதந்துகொண்டே இருந்தாள். ஃபொலோலே கைகளைக் கோத்து, தலை குனிந்து, கண்ணை மூடினாள்.

கண்ணை மூடினாள். அதை அவளால் இன்றுவரை நம்ப முடியவில்லை. பிறந்த ஊரிலும் சேர்த்து முப்பத்தெட்டு வருடமாக அந்தச் சத்தத்துக்கு மூடிப் பழகிய இமை. தண்ணீரில் ஆள் இருந்தால் கண்ணை எடுக்காதது ஒன்பது வருடப் பழக்கம். அந்த நேரத்துக்கு வலது சிரட்டை என்றைக்குமே காலியாக இருந்ததால், இரண்டு பழக்கமும் அதுவரை நேருக்கு நேர் சந்தித்ததே இல்லை.

அன்றைய சாப்பாட்டுக்கு நன்றி சொல்லும் வரியில் இருந்தபோது அருவியின் சத்தம் மாறியது. சலசலப்புப் போய், கனமாக அடிக்கும் ஓசை. உள்ளே கல்லோடு கல் மோதியது. ஈர மண் வாடை மூக்கில் ஏறியது. கண்ணைத் திறந்தாள். தண்ணீர் கொக்கோ நிறத்தில் இருந்தது. இலையும் சுள்ளியும் சுழன்று வந்தன. லூப்பே விரித்த கையோடு மெல்லக் குளத்தின் வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். தட்டைப் பாறையின் மேல் தண்ணீர் ஏறி மகெரிட்டாவின் மடியைத் தொட்டிருந்தது. அவள் அப்படியும் கண் திறக்கவில்லை. ஜெபத்தில் அசையக் கூடாது என்று சின்ன வயதில் படிந்தது, ஆக்லாந்து போயும் விடவில்லை.

ஃபொலோலே வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. விசில் கழுத்தில்தான் கிடந்தது, கை அதற்குப் போகவில்லை. மதினி ஜெபத்தில் இருக்கிறாள், தொந்தரவு செய்யக் கூடாது என்ற ஒரே நினைப்பு மண்டையில் நின்றது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

"எந்திரிடி மகெரிட்டா! வெள்ளம்!"

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவள் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. மகெரிட்டா திடுக்கிட்டு எழுந்து கரைக்குத் தாவினாள். அதற்குள் ஃபொலோலே கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு குதித்துவிட்டாள். குளத்தின் வாய்க்கு மூன்று முழம் இருக்கும்போது லூப்பேயின் டி-ஷர்ட் கையில் சிக்கியது. மகெரிட்டா கயிற்றைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை உரிந்தும் விடவில்லை. மூவரும் மேட்டில் விழுந்தபோது ஒரு முழு மரம், வேரோடும் கிளையோடும், அருவியிலிருந்து இறங்கி வந்து தட்டைப் பாறையில் மோதி, அதைத் தாண்டிப் பள்ளத்துக்குள் போனது.

ஊரில் இரண்டாம் சங்கு ஊதியது.

லூப்பே இருமி இருமித் தண்ணீரைத் துப்பினாள். "என்னாச்சு அத்தை? நான் சும்மா மிதந்துக்கிட்டுத்தானே இருந்தேன்?"

ஃபொலோலே தவழ்ந்து சிரட்டைகளிடம் போனாள். வலது சிரட்டையிலிருந்து கற்களை எடுத்தாள். ஒன்று கைதவறிக் கீழே உருண்டது. அதைத் தேடி எடுத்து இடது சிரட்டையில் போடும்வரை இருவரையும் நகரவிடவில்லை.

திங்கட்கிழமை காலை ஊர்த் தலைவர்கள் கூடினார்கள். ஜெப நேரத்தில் சத்தம் போட்டால் தண்டம் ஒரு பன்றி. ஆனால் இரண்டு உயிரைக் காத்த சத்தத்துக்குத் தண்டம் கேட்க யாருக்கும் மனமில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் அவளைப் புகழ்ந்தார்கள். செமிசிக்கு முகமெல்லாம் பெருமை. எல்லாரும் பேசி முடித்ததும் ஃபொலோலே அனுமதி கேட்டு எழுந்தாள். தண்டம் போடத்தான் வேண்டும் என்றாள்.

"கத்துனதுக்கு இல்லைங்க. ரெண்டு பேர் தண்ணியில கிடக்கும்போது கண்ணை மூடிட்டேன். அதுக்கு."

சபையில் பேச்சுக்காரரான பெரியவர் விசிறியால் தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஜெபத்துல கண்ணை மூடுனதுக்கு எந்த ஊருலம்மா தண்டம் போடுறாங்க? மூடலைன்னாதான் நாங்க கேக்கணும்."

சபையே சிரித்தது. தலைவரும் சிரித்தார். செமிசி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தான். பெண்கள் பக்கத்தில், உள்ளங்கையில் துணி சுற்றிய மகெரிட்டா மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை வீட்டில் சங்கு கேட்டதும் எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். செமிசி ஜெபத்தை ஆரம்பித்தான். ஃபொலோலேவும் தலை குனிந்தாள். இமையை மட்டும் இறக்க முடியவில்லை. இங்கே தண்ணீர் இல்லை, பாய்தான் இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். அப்போதும் மூடவில்லை. தலைகளை எண்ணினாள். தன்னையும் சேர்த்து நான்கு. மறுபடியும் எண்ணினாள்.

எதிரே மகெரிட்டா உட்கார்ந்திருந்தாள். அவள் கண்களும் திறந்திருந்தன. பக்கத்தில் தலை குனிந்திருந்த மகளை, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். செமிசி கடைசி வரியைச் சொன்னான். எல்லாரும் ஆமென் சொன்னார்கள், கண் மூடாத அவர்கள் இருவரும்கூடச் சொன்னார்கள். பிறகு மகெரிட்டா தன் சாப்பாட்டுத் தட்டை எடுத்து, ஊரில் யாரும் பார்த்திராத விதமாக, வாழ வந்தவளின் முன்னால் முதலில் வைத்தாள்.