கழுத்துக் குழாய்க்கு முன் ஒரு பை

“வியாழன் காலை. பிளேட்லெட் எட்டாயிரம். காய்ச்சல் தொடர்கிறது. சென்ட்ரல் லைன் இப்போது வேண்டாம். முதலில் ஒரு பை.”

ஜூலையில் என் படுக்கையருகே தொங்கிய கோப்பில் டாக்டர் எழுதியிருந்த குறிப்பு இது. குடும்பத்தின் பிறப்பு, ஞானஸ்நானம், இறப்புத் தேதிகளை எழுதிவைப்பது என் பழக்கம். அடுத்து என்னுடையது எந்தத் தலைப்பில் சேரும் என்று யோசித்தபடிதான் இதையும் நகலெடுத்தேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜூன் கடைசியில் பல் துலக்கும்போது ஈறில் கசிந்த ரத்தம் நிற்கவில்லை. பிறகு எங்கும் இடித்துக்கொள்ளாமலே தொடையில் நீலத் திட்டுகள். செகந்திராபாத் ஓரம் திருமுல்கேரியில் எங்கள் வீட்டருகே இருக்கும் சின்ன மருத்துவமனையில் டெங்கு என்று சந்தேகித்தார்கள். மழைக்காலத்தில் யாருக்கும் அதுதான் தோன்றும். ஒரு பை பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) ஏற்றி அனுப்பினார்கள்.

எண்ணிக்கை மறுபடி விழுந்தது. செகந்திராபாத்தில் பெரிய மருத்துவமனையில் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். அப்ளாஸ்டிக் அனீமியா (மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்காமல் ஓய்ந்துபோகும் நோய்). எனக்கு முப்பத்தொன்பது வயது. உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால் பிழைக்க நல்ல வாய்ப்பு என்றார் டாக்டர் மாதவி. எனக்கு இருப்பது ஒரே தம்பி, எட்வின்.

கைநரம்புகளில் ஊசி குத்த இடமில்லை. மருந்துக்கும், பின்னால் வரப்போகும் மஜ்ஜைக்கும் ஒரு வழி வேண்டும். அதுதான் சென்ட்ரல் லைன் (கழுத்துப் பெருஞ்சிரை வழியாக இதயத்தின் அருகே வரை செலுத்தும் மெல்லிய குழாய்).

“கையில ரத்தம் வந்தா அமுக்கிப் பிடிச்சுடலாம். கழுத்துல உள்ளுக்குள்ள கசிஞ்சா மூச்சுக்குழலை நெரிச்சுடும்,” என்றார் டாக்டர். தெலுங்குக்காரர், சென்னையில் படித்ததால் தமிழ் பேசுவார். “ஸ்கேன் பார்த்துக்கிட்டே போடுறதால சில பேர் பை ஏத்தாமலும் போடுறாங்க. எட்டாயிரத்துல எனக்குத் தைரியம் இல்லம்மா.”

எட்வின் குஷாய்குடா தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்த கையோடு வந்திருந்தான்.

“வெளியாளுக்கு எதுக்கு அலையணும்? நான் குடுக்கேன் டாக்டர்.”

“உங்களோடது வேண்டாம்.”

“கைக்கு?” என்றான், ‘ஏன்’ என்பதற்கு இந்த ஊர் உருதுவில். “நல்லா தடியாத்தானே இருக்கேன்? அக்காட்ட கேளுங்க, எருமைன்னுதான் கூப்பிடுவா.”

சிரித்தேன். ஈறு மறுபடி கசிந்தது.

“அதுக்கில்ல எட்வின். உங்க மஜ்ஜை இவங்களுக்குப் போகலாம். அதுக்கு முன்னாடியே உங்க அணுக்கள் உள்ள போனா, இவங்க உடம்பு அதை எதிரின்னு ஞாபகம் வெச்சுக்கும். அப்புறம் மஜ்ஜை வரும்போது விரட்டிடும்.”

எட்வின் என் கணவர் சாமுவேலைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். டாக்டர் இருவரையும் பார்த்தார்.

“ஏற்கெனவே குடுத்துட்டீங்களா?”

“ஹவ், ஆமா,” என்றான் எட்வின். “முதல்ல சேர்த்த இடத்துல பிளேட்லெட்டுக்கு ஆள் கேட்டாங்க. அத்தான் குரூப் வேற. நான்தான் ஓடிப்போய்க் குடுத்தேன்.”

டாக்டர் பேனாவை மூடினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

டெங்கு என்று நம்பிய இடத்தில் தம்பி கையை நீட்டாமல் வேறு யார் நீட்டுவார்கள்? ஆனாலும் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் அணுக்கள் குறைந்தால், ரத்த சொந்தங்கள் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

மாலையில் முன்பின் தெரியாத ஒருவரின் பை வந்தது. வைக்கோல் நிறம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே புகை சுழல்வதுபோல் இருந்தது. அப்படிச் சுழன்றால் அணுக்கள் நல்ல நிலையில் இருக்கின்றன என்றார் நர்ஸ். ஏறி முடித்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஒன்பதாயிரம்.

முப்பதாயிரமாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள்.

“காய்ச்சல் தின்னிருக்கலாம்,” என்றார் டாக்டர்.

“வேற எது தின்னிருக்கும்?” என்று கேட்டார் சாமுவேல்.

“ஆன்டிபாடி (அந்நிய அணுக்களைத் தாக்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்). யாரோட அணுவைப் பார்த்து உண்டாச்சுன்னு இப்பச் சொல்ல முடியாது.”

வெள்ளிக்கிழமை, என் ரத்தத்தோடு சோதித்துத் தேர்ந்தெடுத்த வேறொரு பை ஏறியது. இருபத்தாறாயிரம். “போதும்” என்று டாக்டர் சொல்லவில்லை. “போட்டுடலாம்” என்றார். காத்திருந்தால் அதுவும் கரைந்துவிடும்.

முகத்தைத் துணியால் மூடினார்கள். மரத்த கழுத்தில் வலியில்லை, அழுத்தம் மட்டும். காதுக்குப் பின்னால் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது. மருந்துத் தண்ணீர் என்று நினைத்தேன். “அமுக்குங்க, எடுக்காதீங்க,” என்ற டாக்டரின் குரலைக் கேட்ட பிறகே அது என் ரத்தம் என்று புரிந்தது. யாருடையதென்று தெரியாத விரல்கள் என் கழுத்தை வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தன. பிறகு நின்றது.

அடுத்த வாரம் எட்வினின் மஜ்ஜைப் பொருத்தச் சோதனை முடிவு வந்தது. ஃபோனில் கத்தினான்.

“அக்கா, ஃபுல் மார்க்! ஸ்கூல்ல வாங்காததை இங்க வாங்கிட்டேன்.”

பிறகு குரலைத் தணித்தான்.

“நான் அன்னைக்குக் குடுத்தது உனக்கு ஏறலன்னு சொல்லு, அக்கா.”

“தெரியலடா.”

சாமுவேல் திருமுல்கேரிக்குப் போய் விசாரித்தார். அன்று ஒரே குரூப்பில் இரண்டு நோயாளிகள் இருந்தார்களாம். எட்வின் கொடுத்த பையும் மற்றவருக்கான பையும் ஒரே பெட்டியில் வந்தன. எது யாருக்கு ஏறியது என்று அங்கே யாருக்கும் நினைவில்லை.

இப்போது கழுத்தில் குழாய் இருப்பதால், யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்புவதில்லை. உடம்பு முழுவதையும் திருப்புகிறேன். நாட்காட்டி பார்ப்பது குறைந்துவிட்டது. ஒரு பை ஏறி அடுத்த பை தேவைப்படும்வரை எவ்வளவோ, அவ்வளவுதான் என் காலம். இந்த உடம்பு எதை நினைவில் வைத்திருக்கிறது என்று அதனிடம் கேட்டறிய எனக்கு வழியில்லை.

மஜ்ஜை மாற்றுவதை அடுத்த மாதத்துக்குக் குறித்திருக்கிறார்கள். எட்வினின் தட்டணுக்கள் ஜூனிலேயே எனக்குள் வந்துவிட்டனவா என்பது இதை எழுதும்வரை உறுதிசெய்யப்படவில்லை.