இரண்டு விரல் வாய்

பல்லை அடைக்கும் மருந்து கலந்த வேகத்தில் கெட்டியாகிவிடும். அதனால் பொடியையும் திரவத்தையும் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு குப்பிக்குள் தனித்தனியாக வைத்து, நடுவில் மெல்லிய தகட்டை ஒட்டிவிடுகிறார்கள். அடியில் அழுத்தினால் தகடு கிழியும். குலுக்கும் இயந்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் இரண்டும் கலக்கும். பிறகு குப்பியைத் துப்பாக்கி போன்ற ஒரு கருவியில் மாட்டி விசையை இழுத்தால், குப்பியின் மூக்கு வழியாகப் பசை வரும்.

அந்த மூக்கை வடிவமைப்பது அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகளைச் செய்கிற, அவளைவிட வயதில் மூத்த அச்சுக்காரரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அவள் மேசையில் ஒரு பிளாஸ்டிக் தாடை இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே அது முழுக்கத் திறந்த நிலையில் திருகி இறுக்கப்பட்டிருந்தது. எந்த மூக்கைக் கொண்டுபோனாலும் கொட்டாவி விடுவதுபோல் இடம் கொடுக்கும். வேலை இல்லாதபோது அதற்குள் பேனாவைப் போட்டுவைப்பாள்.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். டிரைவர் திடீரென்று போட்ட ஒரு பிரேக்கில் கம்பியில் மோதித் தாடையை உடைத்துக்கொண்டவர். எலும்பு கூடிவிட்டது. வாய்தான் பழையபடி திறக்கவில்லை. இரண்டு விரல் நுழையும், அவ்வளவுதான். பேச்சுக்கு அது போதுமாக இருந்தது. கீழ்வரிசையில் இடப்பக்கம் கடைசியில் ஒரே ஒரு கடைவாய்ப்பல் மிச்சம். பல்செட்டின் கொக்கி அதில்தான் மாட்டியிருந்தது. அந்தப் பல்லில் சொத்தை விழுந்தது.

கணவனுக்கு லீவு கிடைக்காததால் அவள்தான் கூட்டிப்போனாள். டாக்டர் சொத்தையைச் சுரண்டிவிட்டுக் குப்பியை எடுத்தார். அவளுடைய குப்பி. சொல்லலாமா என்று ஒரு நொடி ஆசையாக இருந்தது. இயந்திரம் கடகடவென்று குலுக்கியது. டாக்டர் மூக்கை உள்ளே நுழைத்தார். அதன் வளைவு மேல்பற்களில் இடித்தது. சாய்த்துப் பார்த்தார். பசை நாக்கில் விழுந்தது. இன்னொரு குப்பியை உடைத்தார். அது கன்னத்தில் ஒட்டிக்கொண்டு இறுகியது.

"இதை டிசைன் பண்ணவங்க ஒரு நிஜ வாய்க்குள்ள விட்டுப் பாத்திருக்கவே மாட்டாங்க" என்றார் டாக்டர்.

பஞ்சு அடைத்த வாயோடு மாமனார் கண்ணை மட்டும் திருப்பி மருமகளைப் பார்த்தார்.

டாக்டர் தற்காலிக மருந்தைக் கையால் உருட்டி உள்ளே அப்பினார். இது ரொம்ப நாள் தாங்காது, பல்லின் சுவர் மெல்லிசாகிவிட்டது, இந்தப் பல் போனால் செட் நிற்காது என்றார். வேறு வழி யோசிப்பதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் மகனிடம் சொன்னார்: "உன் பொண்டாட்டி செஞ்சத எனக்கு ஊட்டினாங்கடா. ருசியே இல்ல."

அன்று சாயங்காலம் அவள் அளவுகோலை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆ காட்டுங்க மாமா."

"காட்டிட்டுத்தாம்மா இருக்கேன்."

மறுநாள் அலுவலகத்தில் தாடையின் திருகைத் தளர்த்தினாள். துரு பிடித்துப்போயிருந்ததால் அச்சுக்காரர் எண்ணெய் விட வேண்டியிருந்தது. மாமனாரின் அளவுக்குத் தாடையை மூடினாள். அவள் அதுவரை வரைந்திருந்த மூக்குகளில் ஒன்றுகூட அதன் கடைவாய்வரை போகவில்லை.

மூக்கை ஒல்லியாக்கினால் பசை வர மறுத்தது. விசையை இழுத்துப் பார்த்த மேனேஜர் கையை உதறினார். "பல்லைக் காப்பாத்தப் போய் டாக்டர் கையை ஒடச்சிருவீங்க போல. எத்தன பேருக்குங்க இப்படி வாய் இருக்கும்?"

"எங்க வீட்டுல ஒருத்தர் இருக்கார் சார்."

உயரத்தை மட்டும் குறைத்து, அகலத்தை விட்டுவைத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. துளை வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தட்டையாக வரைந்தாள். மேனேஜர் பார்த்துவிட்டு வாத்து என்றார். வாத்து உள்ளே போனது, பசையும் வந்தது. அச்சுக்காரர் மட்டும், ஓரத்தில் பிளாஸ்டிக் சரியாக ஓடவில்லை, அச்சைத் திருத்த வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும் என்றார். தாடையில் அவள் போட்ட அளவுக்கு மாமா என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ஒவ்வொரு மாதிரிக்கும், "மாமா ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்பார்.

வீட்டில் நிஜ மாமா பொறுமை இழந்துகொண்டிருந்தார். தற்காலிக மருந்து இரண்டு முறை உதிர்ந்து, இரண்டு முறை அப்பியாகிவிட்டது.

"அந்த வாத்துல ஒண்ணக் கொண்டு வாயேம்மா. டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"டெஸ்ட் முடியல மாமா. மூக்கு ஒடஞ்சு தொண்டையில மாட்டிக்கிட்டா?"

"உன் புருஷன் சமையலையே முழுங்கினவன் நான். இது பெருசா?"

அவள் பையில் ஒரு மாதிரி இருந்தது. அன்று மதியம்தான் அதேபோன்ற இன்னொன்று ஓரத்தில் பிளந்திருந்தது. "வேணாம் மாமா" என்றாள். அவர் பிறகு கேட்கவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு காலையில் ரொட்டியின் ஓரத்தைக் கடித்தபோது பல் இரண்டாகப் பிளந்தது. டாக்டர் இரண்டு பாதியையும் எடுத்துவிட்டார். செட் கண்ணாடி டம்ளரில் தண்ணீரில் கிடந்தது. மாமனார் எல்லாவற்றையும் பாலில் ஊறவைத்துச் சாப்பிடப் பழகினார். மருமகள் எதிரில் இருந்தால் மட்டும் நன்றாக மென்று தின்பதுபோல் கன்னத்தை அசைப்பார்.

அச்சு சரியாகி, சோதனைகள் முடிந்து, முதல் பெட்டிகள் வெளியே போனபோது மழைக்காலம் வந்துவிட்டது. மருந்து நிரப்பாத ஒரு குப்பியை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். காட்டலாமா என்று தெரியாமல் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். திரும்பி வந்தபோது அது அவர் கையில் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார், இரண்டு விரல் அளவு. தட்டை மூக்கை நுழைத்து, இடப்பக்கம் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனார். எங்கும் இடிக்கவில்லை. கடைசியில், வெறும் ஈறில் போய் நின்றது.

வெளியே எடுத்துத் துண்டில் துடைத்து அவளிடம் நீட்டினார்.

"வண்டி கரெக்டா ஸ்டாப்புக்கு வந்துடுச்சும்மா" என்றார். "ஏறத்தான் ஆள் இல்ல."