பேச்சியம்மாள் போடாத கையெழுத்து

பேச்சியம்மாள் இறந்துவிட்டார். காலையில்தான் மெசேஜ் வந்தது. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் சிப்ஸ் கடை வைத்திருந்தவர்.

வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு வராது. எனவே...

1. அவர் போடாத கையெழுத்து.
2. நான் வாசித்த லிஸ்ட்.
3. கடைக்குப் பின்னால் நான் பார்த்தது.
4. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டது.

குளிக்க வரும் பெண்கள் உடை மாற்ற இன்னும் அறைகள் வேண்டும் என்று மனு எழுதினோம். எங்கள் மேலகரம் ஊர்ப் பொதுநலச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். கடை கடையாக ஏறி இறங்கினோம்.

பேச்சியம்மாள் பேனாவைத் தொடவில்லை. "நீங்க எழுதுங்க சார்வாள். அதுக்கும் ஆளு வேணும்லா. எனக்கு இதெல்லாம் சரிப்படாது" என்றார். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அடுத்த மீட்டிங்கில் 'ஒத்துழைக்காதவர்கள்' என்று தலைப்பிட்டு ஒரு லிஸ்ட் வாசித்தேன். அதில் ஒரே ஒரு பெயர்தான்.

யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. ஆனால் அந்த சீசன் முழுக்க எங்கள் ஆட்கள் அவர் கடையைத் தாண்டிப் போய்தான் சிப்ஸ் வாங்கினார்கள். நானும்தான்.

ஒரு மதியம் சாரல் வலுத்துவிட்டது. ஒதுங்க வேறு இடமில்லாமல் அந்தக் கடைக்குள் நுழைந்தேன்.

பின்பக்கம் பழைய சேலைகளால் ஒரு மறைப்பு. ஈரத்துணியோடு ஏழெட்டுப் பெண்கள் வரிசையில். பேச்சியம்மாள் கரண்டியும் கையுமாகக் காவல் நிற்கிறார்.

"ஏட்டி, சீக்கிரம் மாத்திட்டு வா. இங்கன ஒருத்தி நடுங்குதா!"

என்னைப் பார்த்ததும், "ஆம்பளையெல்லாம் முன்பக்கம் சார்வாள்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்க நோட்டுல என் பேரும் ஏறிட்டாம்லா?"

பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரர் சொன்னார். "பல சீசனா நடக்கு சார். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. விசாரிக்கவும் இல்லை. மனு எழுதியது தவறென்று இன்றும் நான் நினைக்கவில்லை... அந்த லிஸ்ட்தான்.

நான்காவது.

மன்னிப்புக் கேட்டதாக மேலே எழுதியதை இப்போது படித்துப் பார்க்கிறேன். அது உண்மையில்லை. அன்று நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கால் கிலோ நேந்திரம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனிலும் அங்கேதான் வாங்கினேன். அதுவே மன்னிப்பு என்று எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

அன்று அவர் ஒரு கை கூடுதலாகவே அள்ளிப் போட்டார்.

போய் வாருங்கள், பேச்சியம்மாள்.