குரங்கு தின்ற திருவிருந்துப் பாண்

ஓகஸ்ட் விடுமுறையில் சபையாக எல்லோரும் காட்டுக்குப் போய், கூடாரம் அடித்து மூன்று நாள் தங்கி, ஆத்துமாவில் புத்துயிர் பெற்றுத் திரும்பப் போகிறோம் என்று போதகர் ஆராதனையில் அறிவித்தபோது, ஆலயத்தில் பிள்ளைகள் மட்டும்தான் கைதட்டினோம். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருகோணமலையில் அந்த வயதுக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு காலத்தில் தறப்பாளே கூரையாக மாதக்கணக்கில் கிடந்து எழும்பியவர்கள். வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் அம்மா தன் முடிவைச் சொல்லிவிட்டார்.

"அகதி முகாமில கிடந்தது எனக்குக் காணும். இனி ஆசைக்கும் தறப்பாளுக்குக் கீழ படுக்க ஏலாது. உனக்கு விருப்பமெண்டா நீ போ."

எனக்கு அப்போது பத்து வயது. எனக்கு விருப்பம்தான். ஆனால் என் விருப்பத்துக்குள் ஒரு திட்டம் இருந்தது. அப்பாவை எப்படியாவது கடவுளிடம் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது என்பதே அந்தத் திட்டம்.

அப்பா டவுனில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து மேசையில் வைக்கும் பாண் எங்கள் போறணை அடுப்பில் வெந்ததாகத்தான் இருக்கும். சனிக்கிழமை பின்னேரம் அதற்கென்று தனியாக மா குழைப்பார். அந்த ஒரு பாணில் மட்டும் வேலைக்காரர் கை படக்கூடாது. குழைக்கும்போது மெல்லிய குரலில் பாடுவார். அவர் பாட்டு நன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கட்டையான குரல், ஆலயத்தின் கடைசி வாங்கு வரை கேட்கும்.

பிறகு சித்தப்பா நோயில் விழுந்தார். அப்பாவுக்கு ஒரே தம்பி. நான்கு மாதம் எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தார். சபையே எங்கள் வீட்டுக்கு வந்தது. உபவாச ஜெபம், முழங்கால் ஜெபம், பாட்டு, தேத்தண்ணீர், மறுபடி ஜெபம். முற்றம் முழுக்கச் செருப்பாகக் கிடக்கும். அவ்வளவு ஜெபித்தும் சித்தப்பா போய்விட்டார். அடக்கம் முடிந்தது, முப்பத்தோராம் நாள் ஜெபமும் முடிந்தது. அதற்குப் பிறகு வீடு மறுபடியும் எங்களுடையதாயிற்று. கதிரையில் இருந்து படிக்க எனக்கு இடம் கிடைத்ததில் உள்ளுக்குள் சந்தோஷம்கூட. ஆனால் அப்பா ஆலயத்துக்குப் போவதை விட்டுவிட்டார். சாப்பிடும் முன் கண்மூடுவதை விட்டுவிட்டார். அந்தச் சனிக்கிழமைப் பாணையும் விட்டுவிட்டார். சபை வேறு கடையில் பாண் வாங்கத் தொடங்கியது. கேட்டதைக் கடவுள் கொடுக்கவில்லை என்று அப்பா கோபித்துக்கொண்டிருக்கிறார் என்பது என் கணக்கு. நானும் சைக்கிள் கேட்டுக் கிடைக்காமல் அப்படிக் கோபித்திருக்கிறேன், அதனால் அது எனக்கு நன்றாகவே விளங்கியது.

காட்டுக்கு அப்பா வரச் சம்மதித்ததே பெரிய அதிசயம். போதகர் தந்திரசாலி. ஜெபத்துக்கு வாருங்கள் என்று கேட்கவில்லை. பேக்கரி வாசலில் நின்று, முப்பது பேருக்குச் சமைக்க ஆளில்லை என்று மட்டும் சொன்னார். சமையல் விஷயத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

"சமைக்கத்தான் வருவன். பாட்டுக்கும் ஜெபத்துக்கும் என்னைக் கூப்பிடக்கூடாது," என்றார்.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு, ஞாயிறு பாடசாலையில் போதகர் ஒரு பிஸ்கட் தகரத்தோடு வந்தார். எங்கள் சபையில் முகாம் என்றால் 'மறைந்த கை' என்று ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருக்காக முகாம் முடியும் வரை தினமும் ஜெபிக்க வேண்டும், அவருக்குத் தெரியாமல் தினமும் ஓர் உதவி செய்ய வேண்டும். கடைசி நாள் வரை சீட்டை ஒருவருக்கும் காட்டக்கூடாது. நான் எடுத்த சீட்டை மேசைக்குக் கீழே பிரித்துப் பார்த்தேன். அப்பாவின் பெயர். இருபத்திரண்டு பிள்ளைகளில் எனக்கு என் அப்பா. கடவுள் என் திட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றே நம்பினேன்.

திரியாய்ப் பக்கம், காடு வந்து கடலைத் தொடுகிற ஓரிடத்தில் எங்களை இறக்கினார்கள். பெரியவர்கள் தறப்பாளை விரித்த பத்தாவது நிமிடம் கூடாரங்கள் எல்லாம் நின்றன. கயிறு எங்கே கட்டுவது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. இவர்கள் இதில் இவ்வளவு கெட்டிக்காரரா என்று எங்களுக்கு ஆச்சரியம்.

அடுத்த நாள் காலையிலேயே அப்பாவின் அவஸ்தை தொடங்கிவிட்டது. நான் அவர் எழும்ப முன்னம் போய் ஒரு குடம் தண்ணீர் நிரப்பிவிட்டு வந்தேன். பார்த்தால், மற்றக் குடங்களும் நிரம்பியிருந்தன. அடுப்படியில் விறகு அவருடைய இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தது. அவருடைய செருப்பை யாரோ கழுவிக் காயவைத்திருந்தார்கள். அது காய முன்னம் வேறு யாரோ எடுத்து மறுபடி கழுவினார்கள். தோளில் போடும் துவாயைத் தேடி அலைந்தார், அது துவைத்துக் கொடியில் தொங்கியது. மத்தியானக் குழம்பில் உப்பு மூன்று தடவை விழுந்திருந்தது.

"இந்தக் காட்டில பேய் ஒண்டு நிண்டு வேலை செய்யுது," என்றார் அப்பா குழம்பை ருசி பார்த்துவிட்டு. "பேய்க்குச் சமைக்கத் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பாவுக்கு உதவி செய்வது யார் என்று எனக்கு வயிறு எரிந்தது.

அன்று பின்னேரம் எனக்கு ஒரு பொறுப்புத் தந்திருந்தார்கள். அடுத்த நாள் காலை, முகாமின் கடைசி ஆராதனையில், கடற்கரையில் திருவிருந்து. அதற்கென்று டவுனிலிருந்து கொண்டுவந்த பாண் ஒரு தகரத்துக்குள் போதகரின் கூடாரத்தில் இருந்தது. குரங்குகள் அதிகம் என்பதால், 'நம்பிக்கையான பிள்ளை' என்று என்னை அங்கே காவல் வைத்தார்கள். அந்தப் பட்டம் எனக்கு அரைமணி நேரம்தான் நிலைத்தது. கூடார வாசலிலிருந்து பார்த்தால் அடுப்படி தெரியும். போதகரின் மகன், என் வகுப்புத்தான், அப்பாவின் பானைக்குள் எதையோ போடக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். நான் தகரத்தை மறந்து ஓடினேன்.

"அது என்ர அப்பா. நீ ஏன் செய்யிறாய்?"

"எனக்குத்தான் சீட்டு விழுந்தது."

"பொய். எனக்குத்தான் விழுந்தது."

வழக்கத்தை மீறிச் சீட்டுகளை எடுத்து நீட்டினோம். இரண்டிலும் அப்பாவின் பெயர். சத்தம் கேட்டு மற்றப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பாலை மரத்தின் கீழ் மணலில் ஒவ்வொருவராகச் சீட்டை வைத்து, காற்றுக்குப் பறக்காமல் சிப்பி வைத்தோம். இருபத்திரண்டு சீட்டு, ஒரே நீல மை, ஒரே பெயர். இது கள்ளச் சீட்டு என்று தீர்ப்பாகியது. ஊர்வலமாகப் போய்ப் போதகரை மறித்தோம். அவர் அடுப்படிக்குப் பக்கத்தில்தான் நின்றார் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

"ஐயா, எல்லாச் சீட்டிலயும் எங்கட அப்பாவின்ர பேர்தான் இருக்குது. நீங்கள் பொய் செய்தனீங்கள்," என்று நான்தான் சொன்னேன்.

அகப்பையோடு அப்பா திரும்பிப் பார்த்தார். போதகரின் முகம் கறுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மரத்திலிருந்து ஒரு தகரம் உருண்டு அவர் காலடியில் விழுந்தது. மேலே நாலைந்து குரங்குகள் திருவிருந்துப் பாணைப் பிய்த்துப் பிய்த்து, ஒன்றுக்கொன்று பறித்துத் தின்றுகொண்டிருந்தன.

அப்பா குரங்குகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போதகரைப் பார்த்தார். அகப்பையை வைத்துவிட்டு, ஈரத் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரை வழியே ஊர்ப் பக்கமாக நடந்தார். பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். போதகரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கூப்பிடவும் இல்லை, பின்னால் போகவும் இல்லை, மணலில் அப்படியே குந்திவிட்டார்.

அதுவரை நான் செய்த ஜெபமெல்லாம் ஒப்புவித்தல்தான். மனனம் செய்த வசனத்தை ஆசிரியருக்குச் சொல்வது போலக் கடவுளுக்குச் சொல்லியிருந்தேன். அன்று கூடாரத்துக்குப் பின்னால் போய் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு, முதல்தடவையாக உண்மையில் கேட்டேன். பாணும் என்னால் போனது, அப்பாவும் என்னால் போனார், அப்பாவை மட்டும் திருப்பித் தாரும் என்று அழுதேன். சைக்கிளைக்கூட விட்டுக்கொடுத்தேன்.

வெயில் சாயும் நேரம் அப்பா வந்தார். கையில் ஒரு பெரிய போத்தல், உள்ளே வெள்ளையாக நுரைத்துக்கொண்டு கள்ளு. அன்று காலைதான் குடியின் கேடு பற்றிப் போதகர் எங்களுக்கு ஒருமணி நேரம் பாடம் எடுத்திருந்தார். முகாமே மூச்சை அடக்கிக்கொண்டது. அப்பா நேரே மாச் சாக்கு இருந்த இடத்துக்குப் போய், பெரிய சட்டியில் மாவைக் கொட்டினார்.

"பாஸ்டர், ஈஸ்ட் கொண்டு வரேல்ல. இதை விடாட்டி மா எழும்பாது. விடவோ, வேண்டாமோ?"

போதகர் கடலைப் பார்த்தார். கடலில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

"மா எழும்பட்டும்," என்றார்.

அப்பா எங்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டு வாருங்கோ. மறைஞ்ச கையெல்லாம் வெளியில வரட்டும்."

வேலைக்காரர்களைக்கூடத் தொடவிடாத மாவில் இருபத்திரண்டு பிள்ளைகளும் கை வைத்தோம். குத்தினோம், மடித்தோம், மூக்கில் பூசிக்கொண்டோம். போதகரின் மகன் எனக்குப் பக்கத்தில் நின்று குழைத்தான். எனக்கு அவன்மேல் கோபமே இல்லாமல் போய்விட்டது. அப்பா அதட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றார். அவர் சிரித்து நான் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல்.

விடிய முன்னமே மணலில் குழி தோண்டித் தணல் போட்டு, கல் அடுக்கி, பாணை வைத்து, மேலே பெரிய சமையல் கிடாரத்தைக் கவிழ்த்து அதற்கு மேலும் தணல் போட்டார். நான் எழும்பியபோது பாண் வாசம் காட்டுக்குள் வரை போயிருந்தது. மூன்று பாண் வந்தன. மேசைக்கு வைத்தது ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் பள்ளம் விழுந்து கோணலாக இருந்தது. டவுனில் என்றால் அதை விற்கக் கூச்சப்பட்டிருப்பார். அன்று இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கடலுக்குள்ளிருந்து வெயில் முகத்தில் அடிக்க, எல்லோருக்கும் நடுவால் நடந்து வந்து மேசையில் வைத்தார். வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகாமல் எங்களோடு நின்றார். வென்றுவிட்டோம், வென்றுவிட்டோம் என்று மனதுக்குள் கத்தினேன்.

பெரியவர்கள் எல்லோரும் போய்ப் பெற்றுக்கொண்டபின் கடைசியாக அப்பா போனார். என் கையைப் பிடித்துக்கொண்டு போனார். மணலில் முழங்காலிட்டோம். எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குத் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் மட்டும்தான், ஆகவே பார்ப்பதற்கும் கேட்பதற்கும் எனக்கு நிறைய நேரம் இருந்தது. போதகர் பாணைப் பிட்டு அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் குனிந்தார். இப்போது ஒரு பெரிய வசனம் வரப்போகிறது என்று காதைக் கூர்மையாக்கினேன்.

"முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு நாங்கள் ஒருத்தரும் உங்கட வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கேல்ல," என்றார் போதகர். "நானும் வரேல்ல. மன்னியுங்கோ."

அப்பா "ஓம்" என்று தலையாட்டினார். பாணை வாயில் வைத்தார். வைத்ததும் தோள் இரண்டும் குலுங்கக் குலுங்க அழுதார், சித்தப்பாவின் அடக்கத்தன்றுகூட அழாத மனிதன். அழுது முடித்து, எழும்பி நின்று, யாரும் கேட்காமலே அவர்தான் கடைசிப் பாட்டை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கட்டைக் குரல் கடல் இரைச்சலுக்கு மேலாகக் கேட்டது. முப்பது பேரும் சேர்ந்து பாடினோம்.

நானும் தொண்டை கிழியப் பாடினேன். ஆனால் போதகர்மேல் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. கடவுள் இவ்வளவு பெரிய அற்புதம் செய்துகொண்டிருக்கிற நேரத்தில், அதுவும் திருவிருந்து மேசைக்கு முன்னால், வீட்டுக்கு வரவில்லை, எட்டிப் பார்க்கவில்லை என்று ஊர்க்கதை கதைக்கிறாரே, இதையெல்லாம் பிறகு ஒரு நாள் பேக்கரியில் வைத்துச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.