சுங்காயிலிருந்து ஈப்போவுக்கு, டோலன் துரையுடன்

சுங்காயிலிருந்து ஈப்போவுக்குப் பழைய சாலையிலேயே போகலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான் அதில் மறக்க முடியாதபடி போனது 1983 நவம்பரில், மழைக்காலத்தில்.

அப்போது நான் சுங்காய் அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்தேன். தொழிற்சாலை இன்ஜினியர் டோலன், அயர்லாந்துக்காரர், கத்தோலிக்கர். எங்கள் ஆட்களோடு பழகித் தோட்டத்துத் தமிழை அப்படியே பேசுவார். ஈப்போ மருத்துவமனையில் கிரெக் என்பவரைப் பார்க்க வேண்டும், துணைக்கு வா என்றார். கிரெக்கும் எங்கள் தோட்டத்தில் பல வருடம் இருந்து தமிழ் பழகியவர்தான். வட அயர்லாந்துக்காரர், புராட்டஸ்டன்ட். இருவரும் ஒரு காலத்தில் இணைபிரியாத நண்பர்கள்.

காலை ஏழு மணிக்கு வாடகை டாக்சி. ஆளுக்கு ஆறு வெள்ளி, அதாவது ரிங்கிட். தாப்பா தாண்டும்போது டோலன் தானாகவே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன், பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து பிரிந்து அயர்லாந்தோடு சேர வேண்டும் என்று போராடிய இளைஞர்கள் வட அயர்லாந்துச் சிறையில் உண்ணாவிரதம் இருந்து ஒவ்வொருவராக இறந்த சமயம். ஈப்போவில் அயர்லாந்துக்காரர்கள் கூடிய விருந்தில் டோலன் எழுந்து, அவர்களுக்காக மௌன அஞ்சலி கேட்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். கிரெக் மட்டும் வெளியே போய்விட்டார். ஊரில் போலீஸ்காரராக இருந்த அவருடைய அக்கா மகனை, அந்த இளைஞர்களின் இயக்கத்தார் சற்று முன்புதான் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

டிரைவர் அண்ணனுக்குப் புரியவில்லை. "ரெண்டு பேரும் ஒரே நாட்டு ஆளுங்க. அப்புறம் என்னா சண்டைலா?"

"ஒரே நாடான்னுதான் சண்டையே" என்றார் டோலன்.

கோப்பெங்கில் தேநீருக்கு நிறுத்தினோம். அவர் குடிக்கவில்லை.

மருத்துவமனைக் கட்டிலில் கிரெக் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். டோலன் ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கியதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். டோலன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இந்த முறை தமிழில் சொன்னார்: "ஒன் அக்கா மவன் செத்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கல."

"அவனுக்கும் எந்திரிச்சி நின்னிருக்கலாம்லா" என்றார் கிரெக், சுவரைப் பார்த்தபடியே.

டோலன் எழுந்தார். கைகளைத் தொங்கவிட்டுத் தலை குனிந்து நின்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என்னாலும் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"போதும், ஒக்காரு" என்றார் கிரெக் கடைசியில். "ஆனா என் கொடி இன்னும் பிரிட்டிஷ் கொடிதான்."

"தெரியும் மச்சான். எனக்கும் என் கொடிதான்."

பழைய சாலையில் போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். காம்பாரில் சாப்பிடலாம். நேரமிருந்தால் ஈப்போவின் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்கும் போய் வாருங்கள். நாடு விட்டு வந்தவர்கள் தங்கள் ஊர்ப்பெயரை எவ்வளவு ஆழமாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். எங்கள் தோட்டத்துப் பெரியவர்களும் சாகும்வரை நாமக்கல், ஆத்தூர் என்றுதான் ஊர் சொன்னார்கள்.

கிரெக்கை அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தார்கள், அடுத்து வந்த பொங்கலுக்குச் சில நாள் முன்பு. பெட்டியின்மேல் பிரிட்டிஷ் கொடி. தூக்கியவர்களில் டோலனும் ஒருவர். கொடியின் ஓரம் அவர் தோளில் கிடந்தது. திரும்பும் வழியில், அந்தக் கொடியை எப்படித் தோளில் தாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"கொடிய யாரு தூக்குனா?" என்றார். "கிரெக்கத்தான தூக்குனேன்."